விடை காணா வினாக்களும் நம் கல்லூரியும்

கணக்குப் புத்தகத்தின் கடைசிப் பக்கங்களில் விடைகள் அச்சிடப்பட்டிருக்கும். பயிற்சியைச் செய்து முடித்த மாணாக்கன் அப்பக்கத்தைப் புரட்டிப் பார்த்து, தன் விடை அங்குள்ளதனோடு ஒத்தால் மகிழ்வான். ஒவ்வாவிடின் தன் செய்கையிற் பிழை தேடுவான். இது வேண்டியதொரு பழக்கமே. இதனைக் குறைகூறுவார் எவருமிலர். ஆயின், பன்னிரண்டு பதின்மூன்று ஆண்டுகள் இப்பழக்கம் ஒன்றிலேயே வளர்க்கப்படும் பிள்ளை, கணிதமென்பது யாரோ முன்னரே விடை எழுதி வைத்துவிட்ட வினாக்களின் தொகுதி என்று கருதிவிடுகின்றான். இன்றும் எவருக்கும் விடை தெரியாத வினாக்கள் கணிதத்தில் உள்ளன என்பதும், அவற்றுட் சில பத்தாம் வகுப்பு மாணாக்கனுக்கும் விளங்கத் தக்கன என்பதும் அவன் செவியில் விழுவதேயில்லை. நம் கல்லூரியின் இவ்விழா மலரிலே இக்குறையைப் பற்றிச் சில சொல்ல விரும்புகின்றேன்.

குறையைச் சொல்லுமுன் அதில் என் பங்கையும் ஒப்புக்கொள்வது முறை. யான் பல்லாண்டு காலம் கணிதம் கற்பித்தவன். 1980ஆம் ஆண்டை அடுத்த ஒரு நாள், வர்க்கங்களையும் கனங்களையும் கரும்பலகையில் வரிசையாக எழுதிக்கொண்டிருந்தபோது மாணாக்கன் ஒருவன் எழுந்து, “சேர், 8உம் 9உம் போல ஒன்றையடுத்து ஒன்றாய் வருகிற எண்கள் வேறும் இருக்கின்றனவா?” என்று கேட்டான். 8 என்பது 2இன் கனம். 9 என்பது 3இன் வர்க்கம். பையன் உண்மையாகவே ஒன்றைக் கண்டுகொண்டு கேட்டான். “அது சோதனைக்கு வராது, இரும்” என்றேன். அவன் இருந்துவிட்டான். பின்னர் அவன் வினா எதுவும் கேட்டதாக எனக்கு ஞாபகமில்லை.

அவ்வினாவை 1844ஆம் ஆண்டிலேயே கத்தலான் என்னும் அறிஞர் எழுப்பியிருந்தார் என்பதை யான் பின்னரே அறிந்தேன். 8உம் 9உம் தவிர வேறு சோடி இல்லை என்பது அவருடைய ஊகம். என் மாணாக்கன் கேட்ட அன்று அதற்கு நிறுவல் உலகில் எவரிடத்தும் இல்லை. உருமேனியாவிற் பிறந்த மிஹைலெஸ்கு 2002ஆம் ஆண்டிலேதான் அதனை முற்றாக நிறுவினார். நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் அறிஞர்களை வருத்திய வினா ஒன்றைத் தானே கண்டு கேட்ட பிள்ளையை யான் இருக்கச் சொல்லிவிட்டேன். “தம்பி, இதற்கு விடை எவருக்கும் தெரியாது” என்று சொல்லியிருந்தால் அவன் என்னவாகியிருப்பான் என்பதை யான் அறியேன். அவ்வாறு சொல்லுவதே ஆசிரியனின் கடமை என்பதை மட்டும் இப்போது அறிவேன்.

இத்தகைய வினாக்கள் நமக்குத் தொலைவானவையும் அல்ல. கத்தலானின் வினாவை விரித்துப் பெரிதாக்கியவர் ஒரு தமிழர். பல்கலைக்கழகம் அமைந்திருக்கும் நம் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியை ஊரார் தின்னவேலி என்பர். அதே பெயர் பூண்ட தென்தமிழ்நாட்டுத் திருநெல்வேலி மாவட்டத்தில், குற்றாலத்துக்கு அணித்தான வல்லம் என்னும் ஊரில், 1901ஆம் ஆண்டு ஏப்பிரல் 5ஆம் நாள் பிறந்தவர் சு. சி. பிள்ளை எனப்படும் சிவசங்கரநாராயண பிள்ளை. தாயைக் குழந்தைப் பருவத்திலும், தந்தையைப் பள்ளிப் படிப்பு முடியுமுன்னும் இழந்தவர். அவரது படிப்பு அத்துடன் நின்றிருக்க வேண்டியது. பள்ளி ஆசிரியரான சாஸ்திரியார் என்பார் தம் சம்பளத்தில் ஒரு பகுதியைக் கொடுத்து அவரைக் கல்லூரிக்கு அனுப்பினார். நாகர்கோவிலிலும் திருவனந்தபுரத்திலும் கற்று, சென்னையில் ஆய்வு செய்து, 1929ஆம் ஆண்டில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளரானார். அவர் அங்கே பணியாற்றிய காலத்திலேதான், 1931 முதல் 1933 வரை, நம் விபுலாநந்த அடிகள் அப்பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேராசிரியராக விளங்கினார்.

பிள்ளை அவர்களின் ஊகத்தைச் சொல்லுகின்றேன். வர்க்கம், கனம், நான்காம் வலு, ஐந்தாம் வலு என அனைத்து வலுக்களையும் ஏறுவரிசையில் எழுதுக: 1, 4, 8, 9, 16, 25, 27, 32, 36, 49, 64, 81, 100, 121, 125, 128 என அது செல்லும. இவ்வரிசையிலுள்ள எண்களின் வித்தியாசங்களை நோக்குக. 1 என்னும் வித்தியாசம் 8க்கும் 9க்கும் இடையே வருகின்றது. 2 என்பது 25க்கும் 27க்கும் இடையே வருகின்றது. 4 என்பது 4-8, 32-36, 121-125 ஆகிய இடங்களில் வருகின்றது. எந்த வித்தியாசத்தை எடுத்துக்கொண்டாலும் அது முடிவுள்ள தடவைகளே வரும், முடிவின்றி வந்துகொண்டிராது என்பதே பிள்ளையின் ஊகம். அலிகாரில் நிகழ்ந்த இந்தியக் கணிதச் சங்க மாநாட்டில் அவர் இதனைக் கூறினார். 1945ஆம் ஆண்டில் அச்சிலும் வெளியிட்டார். 1 என்னும் வித்தியாசத்துக்கு மட்டும் மிஹைலெஸ்குவின் தேற்றம் விடை தந்துவிட்டது. 2 முதலாக எந்த ஒரு வித்தியாசத்துக்கும் பிள்ளையின் ஊகம் இன்றுவரை நிறுவப்படவில்லை.

இதனை வகுப்பறைக்குக் கொண்டுசெல்லல் எங்ஙனம் என்று கேட்கலாம். 6 என்னும் வித்தியாசத்தை எடுத்துக்கொள்வோம். 6 வித்தியாசமுள்ள இரு வலுக்களை இதுவரை எவரும் கண்டாரில்லை. அத்தகையன இல்லை என்று நிறுவினாருமில்லை. இதனைப் பத்தாம் வகுப்பில் வைத்துப் பாருங்கள். முதலில் இரண்டும் வர்க்கங்களாயின் என்ன நிகழும் என்று கேளுங்கள். வர்க்கம் ஒன்றை 4ஆல் வகுத்தால் மீதி 0 அல்லது 1 ஆகவே இருக்கும். ஆதலின் இரு வர்க்கங்களின் வித்தியாசத்தை 4ஆல் வகுக்க மீதி 2 வருதல் ஒருபோதும் இயலாது. 6ஐ 4ஆல் வகுத்தாலோ மீதி 2. எனவே இரு வர்க்கங்கள் 6ஆல் வேறுபடா. நிறுவல் முடிந்தது, கால்மணி நேரமும் வேண்டியதில்லை. அடுத்து ஒன்று வர்க்கமும் மற்றது கனமும் ஆயின்? அங்கும் இயலாது என்பது நிறுவப்பட்டுள்ளது. ஆயின் அது பல்கலைக்கழக மாணாக்கருக்கு ஏற்ற வேலை. எல்லா வலுக்களுக்கும் ஆயின்? அங்கே அறிவுலகம் முழுவதும் நம் பத்தாம் வகுப்புப் பிள்ளையோடு சேர்ந்து நிற்கின்றது. ஒரே வினாவில் ஒரு படியைத் தானே ஏறவும், அடுத்த படியைப் பிறர் ஏறியிருப்பதை அறியவும், அதற்கப்பால் ஏணியே இல்லையென்பதைக் காணவும் பிள்ளைக்கு இயலுகின்றது. இதனினும் சிறந்த கணிதப் பாடம் ஒன்றை யான் அறியேன்.

7 என்னும் வித்தியாசத்துக்கும் ஒரு வரலாறு உண்டு. 2இன் வலு ஒன்றிலிருந்து 7ஐக் கழித்தால் எப்போது வர்க்கம் வரும் என்று இராமானுஜன் 1913ஆம் ஆண்டில் வினவினார். 8இலிருந்து கழிக்க 1, 16இலிருந்து 9, 32இலிருந்து 25, 128இலிருந்து 121, 32768இலிருந்து 32761 ஆகிய ஐந்துமே வர்க்கங்கள். இறுதியது 181இன் வர்க்கம். வேறு இல்லை என்பதை நோர்வே நாட்டு நாகெல் 1948இல் நிறுவினார். இவ்வினா வெளிவந்த இடத்தையே நம் பழைய மாணவர்கள் சிறப்பாகக் கவனிக்க வேண்டும். அது இந்தியக் கணிதச் சங்கத்தின் சஞ்சிகையில், வாசகர்க்கு வினா விடுக்கும் பகுதியில் வெளிவந்தது. அச்சங்கத்தை 1907இல் தோற்றுவித்தவர் இராமசுவாமி ஐயர். அவர் டிப்புட்டி கலெக்டர் உத்தியோகம் பார்த்தவர். அலுவலகக் கோப்புக்களினிடையே கணிதத்தைக் கைவிடாத ஒருவர் ஒரு சங்கம் கண்டார். சங்கம் ஒரு சஞ்சிகை நடத்தியது. சஞ்சிகை வினாவுக்கு இடம் ஒதுக்கியது. பட்டம் பெறாத இராமானுஜன் 1911 முதல் அவ்விடத்தில் எழுதத் தொடங்கினார். கேம்பிரிட்ஜ் அவரை அறியுமுன்னர் அவரை அறிந்தது அந்தச் சில பக்கங்களே.

இனி, எதிர்வாதங்களையும் நோக்குதல் வேண்டும்.

முதலாவது எதிர்வாதம் பரீட்சையைப் பற்றியது. உயர்தரப் பரீட்சையிலே இணைந்த கணிதத்தில் ஒரு புள்ளி குறைந்தாலும் பொறியியற் பீடம் கைநழுவும் நிலையில், விடையில்லாத வினாவுக்கு நேரம் ஏது என்று பெற்றோர் கேட்பர். அவர்கள் கவலை நியாயமானது. அதனை யான் இகழேன். யான் கேட்பது வாரத்திற்கு ஒரு பாடவேளையன்று, மாதத்திற்கு ஒரு மாலை. அம்மாலையில் பிள்ளை பெறும் பயன் பரீட்சைக்கும் உதவும். நிறுவல் என்பது மனனம் செய்யும் சடங்கு அன்று, ஐயத்தைத் தீர்க்கும் கருவி என்பதை உணர்ந்தவன், பரீட்சையில் வரும் நிறுவல்களையும் விளங்கியே எழுதுவான்.

இரண்டாவது, அரைகுறை அறிவோடு பெரிய ஊகங்களை நிறுவிவிட்டதாகப் பறைசாற்றும் மயக்கம் இளைஞரைப் பற்றிக்கொள்ளும் என்பது. இதுவும் வெற்றச்சமன்று. அதற்கு மருந்தும் பிள்ளை அவர்களிடமே உண்டு. அடுத்தடுத்த நிறைவெண்கள் சிலவற்றை எடுத்துக்கொண்டால், மற்றவற்றுள் எதனோடும் 1ஐத் தவிர வேறு பொதுக் காரணி இல்லாத எண் ஒன்று அவற்றுள் இருக்குமா என்று அவர் ஆராய்ந்தார். இரண்டு எண்கள், மூன்று எண்கள் எனத் தொடங்கிப் பதினாறு எண்கள் வரை, எங்கே எடுத்தாலும் அத்தகைய எண் ஒன்று உண்டு என 1940இல் நிறுவினார். பதினாறு வரை தவறாதது என்றும் தவறாது என்றே எவரும் எண்ணுவர். ஆனால் பதினேழில் அது வீழ்ந்துவிடுகின்றது. 2184 முதல் 2200 வரையுள்ள பதினேழு எண்களை மாணாக்கர் தாமே பரிசோதிக்கலாம். இரட்டை எண்களுக்கு 2 பொது. 2187, 2193, 2199 ஆகியன 3ஆலும், 2185, 2195 ஆகியன 5ஆலும் ஒன்றோடொன்று பிணைந்துள்ளன. 2189ஐ 2200உடன் 11 பிணைக்கின்றது. 2191ஐ 2184உடன் 7 பிணைக்கின்றது. 2197ஐ அதே 2184உடன் 13 பிணைக்கின்றது. தனித்து நிற்கும் எண் ஒன்றுமில்லை. பதினேழுக்கு மேற்பட்ட எத்தொகையிலும் இத்தகைய கூட்டங்கள் உண்டு என்பதைப் பிரௌவர் 1941இல் நிறுவினார். பல முறை சரியாக வந்தது என்றும் சரியாக வரும் என்னும் மயக்கத்தை இந்தப் பதினேழு எண்கள் அறுப்பதுபோல் நூறு அறிவுரைகள் அறுக்கமாட்டா.

பெரியோர் கூற்றாயினும் ஊகம் ஊகமே. வரிசைக்கு ஆறு பேராக 36 அதிகாரிகளை நிறுத்துவது பற்றிய புதிரிலிருந்து எழுந்த ஒயிலரின் ஊகம் 1782ஆம் ஆண்டினது. ஆறு, பத்து, பதினான்கு என நான்கு நான்காகக் கூடிச்செல்லும் எவ்வளவினும் அவ்வகைச் சதுர அமைப்பு இயலாது என்றார் அவர். ஆறுக்கு அது மெய்யாயிற்று. பத்து முதலாக ஏனைய எல்லாவற்றுக்கும் அது பொய் என்பதை இந்தியர்களாகிய போசும் சிறீகாந்தேயும் அமெரிக்கரான பார்க்கரும் 1959ஆம் ஆண்டளவில் காட்டினர். ஒயிலரின் பெயருக்கு அஞ்சியிருப்பின் அவர்கள் அதனைக் கண்டிரார்.

மூன்றாவது எதிர்வாதம் இக்காலத்துக்குரியது. கணினி இருக்கும்போது மனிதன் ஏன் மூளையை வருத்த வேண்டும் என்பர். இதற்கும் பிள்ளையின் பணியே விடை தருகின்றது. எந்த எண்ணையும் ஒன்பது கனங்களுக்கு மேற்படாமற் கூட்டிப் பெறலாம்; 23 என்னும் எண்ணுக்கு ஒன்பதும் வேண்டும். ஆறாம் வலுக்களாயின் 703 என்னும் எண்ணுக்கு 73 வேண்டும். ஏனெனில் 729 அதனை விஞ்சிவிடுவதால், பத்து 64களும் அறுபத்துமூன்று 1களும் கொண்டே அதனை ஆக்க வேண்டியுள்ளது. எல்லா எண்களுக்கும் 73 போதும் என்பதைப் பிள்ளை 1940இல் நிறுவினார். ஐந்தாம் வலுவுக்கு 37 என்பது 1964இலும், நான்காம் வலுவுக்கு 19 என்பது 1986இலுமே நிறுவப்பட்டன. பின்னதை நிறுவிய மூவருள் ஒருவர் சென்னைக் கணித அறிவியல் நிறுவனத்தைச் சேர்ந்த பாலசுப்பிரமணியன். எல்லா வலுக்களுக்கும் பொதுவாகிய சூத்திரம் ஒன்று உண்டு. கணினி கொண்டு அதனை 47 கோடிக்கு மேற்பட்ட வலுக்கள் வரை சோதித்துப் பிழை காணாதிருக்கின்றனர். அது என்றும் பிழையாது என்பதற்கு நிறுவல் இன்னும் இல்லை. பதினாறு முறை சரியாக வந்து பதினேழில் வீழ்ந்ததை அறிந்த மாணாக்கன், 47 கோடியைக் கேட்டும் தலையசைக்கமாட்டான். கணினி நல்ல பணியாள். ஏன் என்னும் கேள்விக்கு விடை தேடவேண்டியவன் மனிதனே.

எண்ணிக்கைக் கணிதத்திலும் இத்தகைய வினா உண்டு. பழைய மாணவர் விருந்துக்கு ஆறு பேர் வந்தால், அவர்களுள் ஒருவரையொருவர் அறிந்த மூவராவது, ஒருவரையொருவர் அறியாத மூவராவது கட்டாயம் இருப்பர். இதனைப் பென்சிலும் தாளும் கொண்டு பிள்ளைகள் அரைமணியில் நிறுவலாம். மூவருக்குப் பதிலாக நால்வர் வேண்டின் விருந்துக்குப் பதினெண்மர் வரவேண்டும். ஐவர் வேண்டின்? 43க்குக் குறையாது, 46ஐ விஞ்சாது என்ற அளவிலேயே அறிவுலகம் நிற்கின்றது. ஐம்பது பேர்கூட இல்லாத ஒரு விருந்தின் கணக்கு உலகத்துக் கணினிகளுக்கெல்லாம் அடங்காதிருத்தல் வியப்பன்றோ?

இனி நம் நிலையை நோக்குவோம். யாழ்ப்பாணத்தார் கணிதத்தில் வல்லவர் என்னும் பெருமையை நாம் விடாது பேசி வருகின்றோம். அது பொய்யன்று. சென்னைப் பல்கலைக்கழகம் தோன்றுமுன்னரே, 1855இல், கறல் விசுவநாதபிள்ளை அட்சரகணித நூலொன்றைத் தமிழில் வெளியிட்டார். 1857இல் அப்பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளாய்த் தேறிய இருவருள் அவர் ஒருவர், மற்றவர் சி. வை. தாமோதரம்பிள்ளை. நம் காலத்துக்கு அண்மையில், கேம்பிரிட்ஜிலே டிராக்கிடம் ஆய்வு செய்து திரும்பிய எலியேசர் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் கணிதப் பேராசிரியராக விளங்கினார். 1990ஐ அடுத்த ஆண்டுகளில் மின்சாரமின்றி, போத்தல் விளக்கின் சிறு திரியொளியில் கணிதம் செய்து உயர்ந்த புள்ளி பெற்ற பிள்ளைகளையும் நாம் கண்டோம். இவ்வளவு உறுதியுள்ள சமூகம், கணிதத்தைப் பொறியியலுக்குச் செல்லும் வாயிற்படியாக மட்டும் கருதி, அவ்வாயிலிற் புகமுடியாதோர்க்கு எஞ்சிய இடமே கணிதத்துறை என்று எண்ணுவது பெரிதும் வருந்தத்தக்கது. பொறியியலாளர் நமக்கு வேண்டும். ஆயின் பிறர் கண்ட சூத்திரத்தைப் பிழையறப் பிரயோகிப்போரை மட்டும் ஆண்டுதோறும் அனுப்பிவைக்கும் ஊர், புதிய சூத்திரம் காண்போரை எப்போது பெறும்?

இத்துறை பெருஞ்செலவையும் வேண்டவில்லை. விலையுயர்ந்த ஆய்வுகூடம் வேண்டாம். இராமானுஜன் தாள் விலை கருதிச் சிலேற்றில் எழுதி அழித்தே பெரும்பாலான கணிப்பைச் செய்தார். வேண்டுவன வினாவும், அதனை வைப்பதற்கு ஓரிடமும், கேட்பதற்கு ஒரு பெரியவருமே. இவை மூன்றையும் நம்மாற் கொடுக்க இயலும்.

ஆதலின் பழைய மாணவர் சங்கத்தின் முன் மூன்று வேண்டுகோள்களை வைக்கின்றேன். ஒன்று, கல்லூரி வெளியிடும் சஞ்சிகைகளிலும் சுவர்ச் செய்தித்தாளிலும் வினாப் பகுதி ஒன்று நிலையாக இடம்பெற வேண்டும். விடையுள்ள வினா இரண்டும் விடை காணா வினா ஒன்றும் தமிழில் வெளியிடப்பட்டு, மாணாக்கரின் முயற்சிகள் பெயரோடு அச்சிடப்பட வேண்டும். இரண்டு, மாதத்தில் ஒரு மாலை, திருநெல்வேலியிலுள்ள பல்கலைக்கழகத்தின் கணிதத் துறையிலிருந்து ஒரு விரிவுரையாளரையாவது பட்டப்படிப்பு மாணாக்கரையாவது அழைத்து, ஒரே ஒரு வினாவைப் பற்றிப் பேசச் செய்ய வேண்டும். பரமேஸ்வராச் சந்தி நமக்குத் தொலைவன்று. பிள்ளைகள் சைக்கிளில் சென்று வருவதும் கூடும். மூன்று, வெளிநாடுகளில் வாழும் நம் பழைய மாணவர் வழங்கும் பரிசில்களுள் ஒன்றேனும் கூடிய புள்ளி பெற்றவனுக்கன்றி, அவ்வாண்டில் மிக நல்ல வினாவைக் கேட்டவனுக்கு உரியதாக வேண்டும்.

பிள்ளை அவர்கள் 1950ஆம் ஆண்டில், அமெரிக்காவிலே ஹார்வாட்டில் நிகழவிருந்த உலகக் கணித மாநாட்டுக்குப் புறப்பட்டார். ஆகஸ்டு 31ஆம் நாள் கெய்ரோவுக்கு அருகில் விமானம் வீழ்ந்து மாண்டார். அப்போது அவருக்கு வயது 49. அவர் விட்டுச்சென்ற ஊகம் இன்னும் தீர்ப்பாரை எதிர்பார்த்திருக்கின்றது. அதனை நம் பிள்ளைகள் தீர்த்தே ஆகவேண்டும் என்று யான் கூறவில்லை. அவர்கள் அதனைக் கேள்விப்படாதிருத்தல் தகாது என்றே கூறுகின்றேன். வல்லத்துச் சிறுவன் ஒருவனுக்காக ஓர் ஆசிரியர் தம் சம்பளத்தைப் பகிர்ந்தார். நம்மிடம் யான் கேட்பது அதனினும் மிகச் சிறிது. வகுப்பில் ஒரு பிள்ளை எழுந்து நின்று எவருக்கும் விடை தெரியாத வினாவைக் கேட்கும்போது, அவனை இருக்கச் சொல்லாதிருப்போமாக.